பதிவேட்டில் விடுபட்ட செம்பருத்தி

என் மனைவியின் தங்கையை எங்கள் குடும்பத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. குபீர் என்றுதான் கூப்பிடுவோம். என் கல்யாணத்தின்போது அவளுக்கு ஒன்பது வயது. புகைப்படக்காரர் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொன்ன ஒவ்வொரு முறையும் இவள் குபீரென்று சிரித்தாள். ஆல்பத்தில் முப்பத்தாறு படங்கள் இருக்கின்றன. அவற்றில் இருபத்திரண்டு படங்களில் யாராவது ஒருவர் தலையைத் திருப்பி இவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஐந்து படங்களில் அது நான்.

இப்போது அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஒரு வாடகை வீட்டின் முதல் மாடியில், தெருவைப் பார்த்த அறையில் அழகு நிலையம் நடத்துகிறாள். பின்னால் இருக்கும் இரண்டு அறைகளில் குடியிருக்கிறாள். அவள் கணவர், அதாவது என் சகலை, சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஆண்டுக்கு ஒன்பது மாதம் கடலில்தான் இருப்பார். மீதி மூன்று மாதம் இவள் சிரிப்புக்குப் பயந்து கடலை நினைத்துக்கொண்டிருப்பார் என்று என் மனைவி சொல்வாள். அது உண்மையில்லை. ஊர் திரும்பும்போதெல்லாம் அவளைச் சிரிக்க வைக்கப் புதிதாக ஏதாவது கேள்விப்பட்டுக்கொண்டுதான் வருவார்.

கடையில் மூன்று நாற்காலிகள், இரண்டு பெரிய கண்ணாடிகள், முகத்தருகே இழுத்து வளைக்கும் உருப்பெருக்கி விளக்கு ஒன்று. புருவம் திருத்துவதில்தான் அவளுக்குப் பெயர். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையை இரண்டு கைகளாலும் முறுக்கி, ஒரு முடிகூடக் கோணாமல் எடுத்துவிடுவாள். பல்லில் நூல் இருக்கும்வரை அவள் சிரிப்பதில்லை. சிரித்தால் நூல் இழுபடும். நூல் இழுபட்டால் புருவம் போச்சு. முப்பத்தோரு வருடத் தொழிலில் ஒரு முறைகூட அப்படி நடந்ததில்லை. இதனால் அவளுடைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அவளை உம்மணாமூஞ்சி என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டு மனிதர்களான எங்களிடம் யாராவது அப்படிச் சொன்னால் எந்த முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியாது.

மொட்டை மாடி முழுக்கச் செம்பருத்தி. முப்பத்தொரு தொட்டிகள். அழகுக்காக வளர்த்தவை இல்லை. இலையையும் பூவையும் அரைத்துத் தலைக்குப் போட்டுவிடுவது அவள் கடையின் தனிச்சிறப்பு. அதற்காகவே பேருந்து மாறி வருகிறவர்கள் உண்டு. காலையில் பறித்தது பத்து மணிக்கு யாரோ ஒருவர் தலையில் இருக்கும். அதனால் அந்தச் செடிகள் மேல் விஷ மருந்து ஒரு சொட்டுப் பட்டதில்லை. இதை அவள் விளம்பரப் பலகையில் எழுதி வைக்கவில்லை. கேட்கிறவர்களைக் கைபிடித்து மாடிக்கு அழைத்துப்போய்க் காட்டுவாள்.

இனி நடந்ததற்கு வருகிறேன்.

கீழ்த்தளத்தில் இருக்கும் வீட்டுக்காரர் கொல்லைப்புறத்தில் ஒரு கொய்யா மரம் வைத்திருக்கிறார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகாலுக்கு அவர் ஒரு கொய்யாக் கிளையை ஒடித்துக்கொண்டு படியேறி வந்தார். இலையின் அடியில் பஞ்சைக் கிள்ளி ஒட்டியதுபோல் மாவுப்பூச்சி. அது மாடியில் இருந்துதான் இறங்கி வந்திருக்கிறது என்றார். போய்ப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பில்லை. செம்பருத்திக் கொழுந்துகள் எல்லாம் சுருண்டு, வெள்ளைவெள்ளையாக அப்பிக் கிடந்தன.

வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் புதிதாக ஒரு மருந்து தெளிப்பான் வாங்கியிருந்தார். முதுகில் மாட்டிக்கொள்ளும் ரகம். அதை மாட்டிக்கொண்டதும் மனிதர் போருக்குப் புறப்பட்டவர்போல் ஆகிவிடுவார்.

"இருபத்தொரு நாள் தர்றேன் தங்கச்சி. அதுக்குள்ள இந்த வெள்ளைப் பூச்சி போகலைன்னா நானே வந்து அடிச்சிடுவேன். இல்லன்னா தொட்டியெல்லாம் காலி பண்ணிடு" என்றார்.

மருந்து அடித்தால் அந்த இலை யார் தலைக்கும் ஆகாது. தொட்டிகளைக் காலி செய்தாலும் அதே கதிதான். குபீருக்கு அன்று சிரிப்பு வரவில்லை. அப்படி ஒரு நாளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

என் மனைவி மட்டும் ஒரு வழி சொன்னாள். வீட்டுக்காரருடைய மீசையின் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். மாதத்தின் முதல் ஞாயிறு மத்தியானம், கடை மூடியிருக்கும்போது, பின்படி வழியாக வந்து சாயம் போட்டுக்கொண்டு போவார். அதை ஞாபகப்படுத்தினால் போதாதா என்றாள். குபீர் கையைக் காதில் வைத்துக்கொண்டாள். கடை நாற்காலியில் நடப்பது கடை நாற்காலியோடு என்றாள்.

நான் குடிநீர் நிலையத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் நீர்மட்டம் எழுதியவன். காலை ஆறுக்கு ஒன்று, மாலை ஆறுக்கு ஒன்று. ஆகவே உதவி என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மறுநாள் காலை ஆறு பத்துக்கு ஒரு புதுப் பதிவேட்டோடு மாடிக்குப் போனேன். தொட்டிகளுக்கு ஒன்று முதல் முப்பத்தொன்று வரை வெள்ளைப் பெயின்டில் எண் போட்டேன். ஒவ்வொரு செடியிலும் மூன்று கொழுந்துகளில் மட்டும் பூச்சியை எண்ணுவது என்று விதி வைத்தேன். முதல் நாள் மொத்தம் அறுநூற்று நாற்பது.

குபீர் தன் கடையையே ஆயுதக் கிடங்காக்கினாள். தலைமுடிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலில் ஷாம்பு கரைத்து அடித்தாள். அது கண்டிஷனரும் சேர்ந்த ஷாம்பு. ஒன்பதாம் தொட்டியின் இலைகள் மறுநாள் பளபளவென்று மின்னின. அதற்கடுத்த நாள் ஓரம் கருகின. பூச்சிகள் பளபளப்போடு அப்படியே இருந்தன.

"அத்தான், குளிப்பாட்டி விட்டிருக்கேன் போல" என்று சொல்லித் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு திரும்பி வந்துவிட்டது. வந்தது நல்லதுதான் என்று குறித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு முறையாகச் செய்தோம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், அது தண்ணீரோடு கலக்க வாசனையில்லாத சோப்பு நீர் நாலு சொட்டு. முதலில் ஒரே ஓர் இலையில் அடித்து ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனைய அடிப்பது. வேப்பெண்ணெய் வாடை படியிறங்கிக் கடைக்குள் வந்தது. ஒரு மணப்பெண் மூக்கைப் பொத்திக்கொண்டே முகத்துக்குப் பூச்சு போட்டுக்கொண்டாள்.

அடுத்தது எறும்பு. மாவுப்பூச்சி கசிய விடும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும், ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குத் தூக்கிக்கொண்டும் போகும். எறும்பு ஏறாமல் தடுத்தால் பாதி வேலை முடிந்தது. குபீர் யோசித்து, கையில் முடி எடுக்கும் வாக்ஸை உருக்கித் தண்டுகளைச் சுற்றிப் பூசினாள். எதுவாக இருந்தாலும் ஒட்டிக்கொள்ளும் என்று பெருமையாகச் சொன்னாள். அவள் கடையில் வாக்ஸ் செய்வது சர்க்கரையைக் காய்ச்சி. மறுநாள் காலை அந்த வட்டாரத்து எறும்புகள் எல்லாம் குடும்பத்தோடு வந்திருந்தன. தண்டே தெரியவில்லை. பதிவேட்டில் எறும்புக்கான கட்டத்தில் எண் எழுத முடியாமல் 'விருந்து' என்று எழுதினேன். தினமும் எண்களை மட்டுமே எழுதிய என் வாழ்க்கையில் அது முதல் தடவை. பிறகு வாக்ஸைச் சுரண்டிவிட்டு, தண்டில் துணி சுற்றி அதன்மேல் வாஸலின் தடவினோம். அதுதான் எறும்பை நிறுத்தியது.

கடைசியாக, கையால் பொறுக்குவது. புருவ இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துச் சோப்பு நீர்க் கிண்ணத்தில் போடுவாள். அவள் கை வேகத்துக்கு நிமிடத்துக்கு இருபது. இங்கேதான் நான் ஒரு யோசனை சொன்னேன். பூச்சிகளில் சின்னவை, பெரியவை என்று இரண்டு வகை தெரிந்தன. சின்னவை அசையாமல் கிடந்தன. பெரியவை அவற்றைப்போல் இரண்டு மடங்கு நீளம். உடம்பெல்லாம் வெள்ளை நூல் நூலாகத் தொங்க, நன்றாகவே நடந்தன. பெரியவை தாய்கள், அவற்றை முதலில் எடுத்தால் குஞ்சு பொரிப்பது நின்றுவிடும் என்று சொல்லி, பதிவேட்டில் 'பெரியது' என்று ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டேன். குபீர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். தினமும் கடை திறக்குமுன் பெரியவற்றை வேட்டையாடினாள். பதினொன்றாம் நாளுக்குள் நூற்று எண்பத்தாறு பெரியவை பிடிபட்டன.

பதினொன்றாம் நாள் கூட்டிப் பார்த்தேன். சின்னவை ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு. இரண்டாம் முறை கூட்டினேன். அதேதான்.

குபீர் பதிவேட்டை வாங்கிப் பார்த்தாள். கீழே போய், அன்று வந்த ஐந்து பேருக்கும் தலைக்குப் போடுவதற்கு இலை இல்லை என்று சொல்லி அனுப்பினாள். நான் மாடியிலேயே நின்றிருந்தேன். கீழே வீட்டுக்காரர் தெளிப்பானில் வெறும் தண்ணீரை நிரப்பிச் சுவரில் அடித்துப் பழகிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

பன்னிரண்டாம் நாள் காலை எண்ணிக்கொண்டிருந்தபோது, தண்ணீர்த் தொட்டியில் மிதவை சரியாக மூடாமல் நீர் சொட்டும் சத்தம் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. சுவருக்கும் தொட்டிக்கும் நடுவே உடம்பை நுழைத்துப் பின்பக்கம் போனேன். அங்கே விரிசல் விட்ட ஒரு பழைய பிளாஸ்டிக் வாளியில் ஒரு செம்பருத்தி நின்றது. இடுப்பளவு உயரம். இரண்டு பூக்கள். இலைகள் ஒன்றுகூடச் சுருளவில்லை.

குபீரைக் கூப்பிட்டேன். அவளும் உடம்பைச் சுருக்கிக்கொண்டு நுழைந்து வந்தாள். ஒடிந்த கொம்பு ஒன்றை வீணாக்க மனமில்லாமல் சில மாதம் முன்பு அதில் குத்தி வைத்ததாகவும், பிறகு மறந்தே போனதாகவும் சொன்னாள். சொட்டிய தண்ணீரிலேயே வளர்ந்திருக்கிறது. அதற்கு எண் இல்லை. அதில் நாங்கள் ஷாம்பு அடிக்கவில்லை, வேப்பெண்ணெய் அடிக்கவில்லை, ஒன்றையும் பொறுக்கவில்லை.

கொழுந்தைத் திருப்பிப் பார்த்தாள். சின்னது ஒன்றுகூட இல்லை. பெரியவை மட்டும் ஏழு, நிதானமாக நடந்துகொண்டிருந்தன.

"தாய் இருக்கு, ஒரு குட்டிகூட இல்லையே அத்தான்" என்றாள்.

அவள் இடுக்கியால் ஒன்றைப் பூப்போல எடுத்து, சின்னப் பூச்சிகள் இருந்த இலை ஒன்றையும் கிள்ளிக்கொண்டு கடைக்கு இறங்கினாள். நாற்காலியின் கைப்பிடியில் வெள்ளைத் துண்டை விரித்து, உருப்பெருக்கி விளக்கை இழுத்தாள். நான் பின்னால் நின்றேன். இலையில் விட்டதும் அந்தப் பெரியது கொஞ்ச தூரம் நடந்தது, ஒரு சின்னப் பூச்சியின்மேல் முன்னங்கால்களை வைத்தது, வாயைத் திறந்து கடிக்க ஆரம்பித்தது. வெள்ளை நூலுக்கு அடியில் அதற்கு உடம்பு வேறு, கால் வேறு, தாடை வேறு. அது மாவுப்பூச்சியே இல்லை. மாவுப்பூச்சியைத் தின்று வளரும் ஒரு பொறிவண்டின் குட்டி. தான் தின்னும் பூச்சியின் வேஷத்தையே போட்டுக்கொண்டு, எறும்புக் காவலுக்கு நடுவிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிற புழு.

நூற்று எண்பத்தாறு என்ற எண்ணை நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

குபீர் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவள் உதடு துடித்தது. பிறகு வெடித்தாள். நாற்காலியில் சாய்ந்து, அது பின்னால் சரிந்து, தலை கழுவும் தொட்டியில் தலை வைத்தபடியே சிரித்தாள்.

"காப்பாத்த வந்தவங்களைப் பொறுக்கிப் பொறுக்கி மூழ்கடிச்சிருக்கோம். அதுவும் கணக்கு வெச்சு."

"அந்த வாளியை நான் எழுதாம விட்டுட்டேன்" என்றேன். அதுதான் எனக்கு இன்னும் பெரிய குறையாகத் தெரிந்தது.

"எழுதியிருந்தா அதையும் ஒழிச்சிருப்போம் அத்தான். விட்டீங்களே, புண்ணியம்."

அன்று முதல் எல்லாம் தலைகீழ். வேப்பெண்ணெயையும் சோப்பையும் நிறுத்தினோம். அவை நல்லதையும் கொல்லும். மிக மோசமான கொழுந்துகளை மட்டும் வெட்டிக் கட்டி எறிந்தோம். வாஸலின் வளையத்தை இரண்டு நாளுக்கு ஒரு முறை புதுப்பித்தோம். வாளிச் செடியில் இலைக்கு இலை தேடியதில் இருபத்து மூன்று குட்டிகளும், கருப்பு உடம்பும் செம்பழுப்புத் தலையுமாக நான்கு வண்டுகளும் கிடைத்தன. முகத்துக்குப் பவுடர் தடவும் மெல்லிய தூரிகையால் அவற்றைத் தொட்டி தொட்டியாகக் குடிவைத்தாள். ஒவ்வொன்றையும் இறக்கிவிடும்போது சாப்பிடும்மா, வெட்கப்படாதே என்று உபசரித்தாள். மற்றத் தொட்டிகளில் எங்கள் இடுக்கிக்குத் தப்பிய குட்டிகளும் இருந்திருக்கின்றன, அவையும் வளர்ந்தன. பதிவேட்டில் 'பெரியது' என்ற தலைப்பை அடித்துவிட்டு 'விருந்தாளி' என்று எழுதினேன். பதினைந்தாம் நாள் சின்னவை எண்ணூற்று எழுபது. பதினெட்டாம் நாள் முந்நூற்றுத் தொண்ணூறு. இருபத்தொன்றாம் நாள் காலை நாற்பத்தாறு.

எட்டு மணிக்கு வீட்டுக்காரர் தெளிப்பானை மாட்டிக்கொண்டு மேலே வந்தார். இந்த முறை உள்ளே தண்ணீர் இல்லை, வாடையிலேயே தெரிந்தது. நான் பதிவேட்டைத் திறந்து நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. நேராக நாலாம் தொட்டிக்குப் போய் இலையைத் திருப்பினார். அங்கே நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்த குட்டிகள் ஆறு, வெள்ளை நூல் தொங்க, உலா போய்க்கொண்டிருந்தன.

இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. பூச்சி ஒழிந்தது; ஒழித்தது பூச்சி மாதிரியே இருந்தது.

"தங்கச்சி, அன்னைக்கு இது சின்னதா இருந்தது. நீ வளர்த்துப் பெருசாக்கி வெச்சிருக்க" என்று சொல்லி, குழாயைக் கையில் எடுத்தார்.

நான் பதிவேட்டின் பதினேழாம் பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். அவர் விசையை அழுத்தப் போனார். குபீர் குறுக்கே வந்து தெளிப்பானின் முனையை உள்ளங்கையால் பொத்தினாள். ஒரு துளி பட்டிருந்தால் அந்தக் கை அன்றைக்கு யார் முகத்தையும் தொட முடியாது.

"அண்ணா, அது அந்தப் பூச்சி இல்ல. அதைத் தின்னுற பூச்சி."

"பார்த்தா அப்படியே இருக்கே."

"மேக்கப்" என்றாள் குபீர். "வெளியில பார்த்து உள்ள என்னன்னு யாரால சொல்ல முடியும்? நீங்களே சொல்லுங்க."

சொல்லும்போது அவர் மீசையைப் பார்த்தாளா இல்லையா என்பதை என்னால் உறுதியாக எழுத முடியவில்லை. அவர் ஒரு முறை இருமினார். விசையிலிருந்து விரலை எடுத்தார்.

அந்த இடைவெளி போதுமாக இருந்தது. அவள் கடையிலிருந்து உருப்பெருக்கி விளக்கைத் தூக்கி வந்தாள். நான் ஒயரை நீட்டிப் படிவழியே கொண்டு வந்தேன். வீட்டுக்காரர் ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து கண்ணாடிக்குள் பார்த்தார். முதலில் தெளிப்பானை மாட்டியபடியே பார்த்தார். ஐந்து நிமிடத்தில் அதைக் கழற்றி வைத்தார். ஒன்றை அது தின்று முடித்து இரண்டாவதற்கு நகர்ந்தபோது, அவர் தொடையைத் தட்டினார்.

"எப்பா, என்ன பசி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நம்ம கொய்யாவுக்கு ஒரு இருபது கிடைக்குமா?" என்று கேட்டார்.

எண்ணி இருபது கொடுத்தேன். அவரிடம் கையொப்பமும் வாங்கிக்கொண்டேன்.

தொட்டிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மருந்தைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த வாளிச் செடிக்கு முப்பத்திரண்டு என்று எண் போடப் போனேன், குபீர் விடவில்லை. எழுதினால் கண் பட்டுவிடும் என்றாள். அதனால் பதிவேட்டில் இன்றைக்கும் முப்பத்தொரு தொட்டிகள்தான். பதிவேட்டில் தெரிந்தே நான் விட்டது அது ஒன்றே.

இன்னும் ஒரே ஒரு பதிவு பாக்கி இருக்கிறது. அதற்கடுத்த வியாழக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு நான் கடையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். நாற்காலியில் ஒரு பள்ளித் தலைமை ஆசிரியை. குபீரின் பல்லில் நூல். இடது புருவம் முடிந்து வலது புருவம் பாதி. அப்போது கொல்லைப்புறத்தில் கொய்யா மரத்தின் மேலிருந்து வீட்டுக்காரரின் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"தங்கச்சி, என் ஆளு ஒருத்தன் சாப்பிட ஆரம்பிச்சிட்டான். சட்டினி கிட்டினி ஏதாவது வேணுமான்னு கேட்டுச் சொல்லு."

முப்பத்தோரு வருடத்தில் முதல் முறையாக, பல்லில் நூலோடு, குபீர் குபீரென்று சிரித்தாள்.

தலைமை ஆசிரியை கண்ணாடியைப் பார்த்தார். வலது புருவம் இடதைவிட ஒரு சென்டிமீட்டர் குறைவாக இருந்தது. நான் பிறகு அளந்தேன். அவர் என்ன நடந்தது என்று கேட்டார். குபீர் மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள், ஷாம்புவில் தொடங்கி, மீசையை மட்டும் விட்டுவிட்டு. எறும்பு விருந்து வரும்போது ஆசிரியையும் சிரிப்புத் தாங்காமல் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

இன்னொரு புருவத்தையும் அதே அளவுக்குக் குறைத்துவிடச் சொல்லி, மாடிக்குப் போய் அந்த விருந்தாளிகளைப் பார்த்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போனார். தலைக்குச் செம்பருத்தியும் போட்டுக்கொண்டார்.